மூன்று பூஸ்டர் மாற்றியும் பெடல் கட்டையாக இருக்கிறதே?

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் இருப்பது 25 வருடம் ஓடிய டீசல் பிக்கப். இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை பிரேக் பூஸ்டர் மாற்றிவிட்டேன். முதல் பூஸ்டர் எட்டு மாதம் தாங்கியது, அடுத்தது ஐந்து மாதம், கடைசியாகப் போட்டது பதினொரு வாரம்தான். ஒவ்வொரு முறையும் ஒரே கதை. கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் கட்டையாகிறது, பாரம் ஏற்றியிருந்தால் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்க வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மிதித்தால் முதல் மிதியே கல்லில் மிதித்த மாதிரி இருக்கும். புதுப் பூஸ்டர் போட்ட மறுநாள் காலையிலும் அப்படித்தான் இருந்தது. பிரேக் ஆயில் குறைவதே இல்லை. இன்ஜின் ஆயில் மட்டும் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. முதல் தடவை பூஸ்டர் போவதற்கு ஒரு மாதம் முன்பு டைனமோ மாற்றினோம். அதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை. டூப்ளிகேட் பூஸ்டர் என்று மெக்கானிக் சொல்கிறார். நான்காவதாக நல்ல கம்பெனி பூஸ்டர் வாங்கிப் போடட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், இந்த வேலை முடியும் வரை வண்டியில் பாரம் ஏற்றாதீர்கள். முடிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பூஸ்டர் என்பது உங்கள் கால் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பாகம். அது வேலை செய்யாவிட்டாலும் பிரேக் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது முழு விசையும் உங்கள் காலிலிருந்து வர வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். பூஸ்டரை இரண்டு அறைகளாகப் பிரிக்கும் ரப்பர் சவ்வுக்கு டயாஃப்ரம் என்று பெயர். 10 அங்குல விட்டமுள்ள பூஸ்டரில் அதன் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ அளவுக்கு அழுத்துகிறது. முன்பக்க அறையில் 80 சதவீதக் காற்றை உறிஞ்சிவிட்டு, பின்பக்க அறைக்குள் வெளிக்காற்றை விட்டால் 400 கிலோ விசை, சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அந்த 400 கிலோ இல்லாமல்தான் நீங்கள் எழுந்து நின்று மிதிக்கிறீர்கள்.

சரி, டூப்ளிகேட் விஷயத்துக்கு வருவோம். மோசமான பூஸ்டர்கள் சந்தையில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தரமில்லாத பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகும். ஒன்றில் விளிம்பு கசியும், ஒன்றில் வால்வு ஒட்டிக்கொள்ளும், இன்னொன்று போட்ட அன்றே சீறும். மூன்றும் ஒரே மாதிரி மெல்ல மெல்லச் சாகின்றன, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சீக்கிரம் என்றால் உங்கள் வண்டியில் ஏதோ ஒன்று அவற்றைக் கொல்கிறது. அது என்ன என்பதற்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டைனமோ மாற்றியது, இன்ஜின் ஆயில் குறைவது, புதுப் பூஸ்டரிலும் மறுநாள் காலை முதல் மிதி கட்டையாக இருந்தது. இந்த மூன்றையும் எழுதியதற்கு நன்றி. பலர் "பிரேக் சரியில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்.

பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் காற்று வழியை அடைப்பதால், இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டிலேயே பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றை உறிஞ்சிய வெற்றிடம்) கிடைத்துவிடும். பழைய டீசலில் அப்படி அடைக்கும் தகடு கிடையாது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். உங்கள் வயதுள்ள பல பிக்கப்களில் அந்தப் பம்ப் டைனமோவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். டைனமோ தண்டு சுற்றும்போது பம்புக்குள் இருக்கும் தகடுகளும் சேர்ந்து சுற்றும். அந்தத் தகடுகளுக்கு உயவு வேண்டுமே, அதற்காக இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாயில் ஆயில் பம்புக்கு வரும். வேலை முடிந்த ஆயிலும், பூஸ்டரிலிருந்து உறிஞ்சிய காற்றும் ஒரு தடித்த ரிட்டர்ன் ஹோஸ் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய்விடும். அதாவது உங்கள் பூஸ்டருக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் நடுவில் ஒரு ஹோஸும், ஒரே பக்கம் மட்டும் வழிவிடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும்தான் இருக்கின்றன.

பூஸ்டர் டயாஃப்ரம் செய்யப் பயன்படும் ரப்பர் காற்றைத் தாங்கும், இன்ஜின் ஆயிலைத் தாங்காது. ஆயில் பட்டால் ஊறி, உப்பி, நெகிழ்ந்து, விளிம்பிலிருந்து நழுவும். உள்ளே இருக்கும் கண்ட்ரோல் வால்வின் ரப்பரும் அப்படியே உப்பும். ஒரே நாளில் நடக்காது, மாதக்கணக்கில் நடக்கும். பழைய ஹோஸையே திரும்ப மாட்டினால் அதன் உட்சுவரில் படிந்த ஆயில் புதுப் பூஸ்டருக்கு முதல் நாளிலிருந்தே போக ஆரம்பிக்கும். எட்டு மாதம் ஐந்தாகி, ஐந்து மாதம் பதினொரு வாரமானதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பம்ப் வெளியே இழுக்கும்போது ஆயில் எப்படி எதிர்த்திசையில் வரும் என்று கேட்பீர்கள். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் வராது. இன்ஜினை நிறுத்திய பிறகுதான் வரும். பம்ப் நின்றுவிட்டது, ஆனால் பூஸ்டருக்குள் இன்னும் வேக்குவம் இருக்கிறது. நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை என்றால் பூஸ்டர் பம்பிலிருந்து உறிஞ்சும். பம்பில் தேங்கிக் கிடப்பது ஆயில். வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சில துளிகள் ஹோஸில் ஏறும். வால்வு மூடாததால் இரவுக்குள் வேக்குவமும் தீர்ந்துவிடும், காலையில் முதல் மிதி கல்லாகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யாமல் மிதித்தாலும் ஒன்றிரண்டு மிதி இதமாக இறங்கும். புதுப் பூஸ்டரிலும் உங்களுக்கு அது கிடைக்கவில்லை என்றால் என் முதல் சந்தேகம் வால்வின் மேல்தான். மூன்று முறையும் பழைய ஹோஸ், பழைய வால்வு அப்படியே மாட்டப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பூஸ்டரில் சொருகியிருக்கும் வேக்குவம் ஹோஸைக் கழற்றி, குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. பூஸ்டரின் வால்வு ஓட்டை வழியாகவும் அதே துணியை விடுங்கள். கழற்றி வைத்த பழைய பூஸ்டர் இன்னும் வீட்டில் இருந்தால் அந்த ஓட்டை கீழே வருமாறு ஒரு தட்டின் மேல் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்து, என்ன வடிகிறது என்று பாருங்கள். ஆனால் அதை நெம்பித் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தமான ஸ்பிரிங் இருக்கிறது. அப்புறம் வால்வைத் தனியாகக் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் ஒரு பொட்டுக் காற்றும் போகக் கூடாது.

பிரேக் வேலையில் எனக்கு 31 வருடம் ஆகிறது. இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்து சில வருடங்களில், மணல், சிமென்ட் ஏற்றும் ஒரு பிக்கப்புக்கு அடுத்தடுத்து இரண்டு பூஸ்டர் மாற்றினேன். இரண்டு முறையும் பழையதை மூலையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன், அவ்வளவுதான். இரண்டாவதும் போனபோது வண்டிக்காரர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தவர், நிறுத்த முடியாமல் ஒரு மணல் குவியலில் ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. கழற்றிய பூஸ்டரை என் மேஜை மேல் சாய்த்து வைத்து, அதிலிருந்து வடிந்த கறுப்பு ஆயிலைக் காட்டி, "காத்து மட்டும் போற இடத்துல இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து கழற்றிய எந்தப் பூஸ்டரையும் சாய்த்துப் பார்க்காமல் நான் புதியதை மாட்டுவதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடும். கறுப்பு ஆயில் என்றால் பம்ப் பக்கம். வெளிர் நிறத்தில், பெயின்ட்டை உரித்தபடி ஒரு திரவம் அடியில் கிடந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்து பிரேக் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது, டப்பாவில் அளவு மட்டும் குறையும். உங்களுக்குக் குறையவில்லை என்பதால் அதைத் தள்ளி வைக்கலாம். ஆனாலும் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி, குழாய்களை வளைக்காமல் கொஞ்சம் முன்னால் இழுத்து, பின்னால் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். துருவும் தண்ணீரும் இருந்தால் ஈரம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று தேட வேண்டும். எதுவுமே இல்லாமல் காய்ந்திருந்து, பெடல் பக்க சீல் மட்டும் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் பெடலின் தள்ளுகோல் நேராகத் தள்ளவில்லை, அல்லது பூஸ்டர் உட்கார்ந்திருக்கும் தகடு விரிசல் விட்டு ஆடுகிறது.

இப்போது டைனமோவுக்கு வருகிறேன். மாற்றிய ஒரு மாதத்தில் பிரச்சினை தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையில் மூன்று தவறு நடக்கலாம். ரிட்டர்ன் ஹோஸைத் திரும்ப மாட்டும்போது மடங்கியிருக்கலாம், அல்லது உள்விட்டம் குறைந்த வேறு ஹோஸ் போட்டிருக்கலாம். ஆயில் வரும் குழாயின் போல்ட்டில் சில வண்டிகளில் அளவைக் கட்டுப்படுத்த ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்குப் பதில் பெரிய துளையுள்ள போல்ட் போட்டால் பம்பில் ஆயில் வெள்ளமாகிவிடும். அல்லது வந்த டைனமோவின் பம்பே ஏற்கெனவே தேய்ந்ததாக இருக்கலாம். ரிட்டர்ன் ஹோஸை இரண்டு முனையிலும் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். மறுமுனை வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பழைய ஹோஸ்களில் வெளியே ஒன்றும் தெரியாமல் உட்சுவர் மட்டும் பிரிந்து தொங்கும்.

இன்னொன்றும் உண்டு. அரை லிட்டர் ஆயில் முழுவதும் பூஸ்டருக்குப் போயிருக்காது. பிஸ்டன் ரிங் தேய்ந்து கொஞ்சம் எரிந்து போகிறது என்றால் எரிந்த புகை சம்ப்புக்குள்ளும் இறங்கும். சம்ப்பில் அழுத்தம் கூடினால் பம்பின் ஆயில் கீழே வடிய முடியாமல் தேங்கும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக ஓட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். மூடி துள்ளினால் அழுத்தம் அதிகம். ஆனால் உடனே ரிங் வேலைக்கு ஓடாதீர்கள். கசியும் பூஸ்டரிலிருந்து பம்ப் உறிஞ்சும் காற்றும் சம்ப்புக்குத்தான் போகிறது, அதனாலும் மூடி துள்ளும். பூஸ்டர் பக்கத்தில் வேக்குவம் ஹோஸை இறுக்கமாக அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துள்ளல் அடங்கிவிட்டால் இன்ஜின் மேல் பழி இல்லை. இந்தச் சோதனையின்போது வண்டியை நகர்த்தவே கூடாது, பிரேக்குக்கு உதவி இருக்காது. ரிங்தான் காரணம் என்று தெரிந்தாலும் முதலில் சம்ப்பின் அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு வேக்குவம் கேஜ் கடன் வாங்குங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் நல்ல பம்ப் பாதரச அளவில் 25 அங்குலத்தைத் தாண்டும். 20-க்குக் கீழேயே நின்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது வேறெங்கோ கசிகிறது. வேக்குவத்தை பூஸ்டர் மட்டுமே குடிப்பதில்லை. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு, டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர், சில வண்டிகளில் நான்கு சக்கர ஓட்டத்தை இணைக்கும் டயாஃப்ரம் எல்லாம் அதே லைனில் இருக்கும். ஒவ்வொரு கிளையாக அடைத்துக் கேஜைப் பாருங்கள். எதை அடைத்தால் முள் ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கேஜை வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் இணைத்து இன்ஜினை நிறுத்தி 15 நொடி பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் நான் அந்தப் பூஸ்டரையோ வால்வையோ நம்ப மாட்டேன்.

வேலையின் வரிசை மிக முக்கியம். முதலில் பம்ப், அதன் ஆயில் வழி, ரிட்டர்ன் ஹோஸ். அடுத்து வேக்குவம் ஹோஸும் வால்வும் புதிதாக. டீசல் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ வெட்டிப் போட விடாதீர்கள், வேக்குவத்தில் உள்ளே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஹோஸ் நடுவில் தொய்ந்து தொங்காமல் கிளிப் போடச் சொல்லுங்கள். கடைசியாகத்தான் பூஸ்டர். ஊறிப்போன பூஸ்டரை டீசல், பெட்ரோல் ஊற்றிக் கழுவிப் பிழைக்க வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமிருக்கும் ரப்பரும் போய்விடும். எல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகு ஹோஸைக் கழற்றி மறுபடி வெள்ளைத் துணியை விடுங்கள். கேஜ் எண்ணையும் துணியின் நிறத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: புதுப் பூஸ்டர் போட்டதிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓடினால் நான்கு சக்கரமும் சூடாகி வண்டி இழுக்காமல் நிற்கிறது. ஆறவிட்டால் சரியாகிறது. இந்தப் பூஸ்டரும் பழுதா?

பதில்: பூஸ்டர் நன்றாகவே இருக்கலாம். அதன் முன்பக்கத் தள்ளுகோல் நீளமாக இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். ஆயில் சூடேறி விரிவடையும்போது போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடித்துவிடும். ஒரு மில்லிமீட்டர் போதும் இதற்கு. அடுத்த முறை பிடித்துக்கொள்ளும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டை மட்டும் சில சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் தள்ளுகோல்தான், அல்லது பெடல் முழுதாக மேலே வராதது. பிரேக் லைட் சுவிட்ச் பெடலைத் தாங்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெடல் துளி இறங்கியபடியே இருந்தால் பூஸ்டரின் காற்று வால்வும் முழுதாக மூடாது, சீறிக்கொண்டே இருந்து அதுவும் சீக்கிரம் தேயும்.

கேள்வி: சிக்னலில் மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெதுவாகத் தரை வரை இறங்குகிறது. பூஸ்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள். பூஸ்டர் போனால் பெடல் கட்டையாகும். மெதுவாக இறங்குவது மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுவதாலோ, எங்காவது ஆயில் கசிவதாலோதான். இன்றைக்கே நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள். கசிவு இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள், தள்ளிப் போடும் விஷயம் இல்லை இது.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் செய்ய நியூட்ரலில் போட்டு இன்ஜினை நிறுத்திவிடுவேன். இப்போது பூஸ்டர் பலவீனமாகிவிட்டது போலத் தெரிகிறது. மலை மேல் கேஜ் வைத்தால் 19 அங்குலம்தான் காட்டுகிறது.

பதில்: தயவுசெய்து இன்றோடு இதை நிறுத்துங்கள். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். நான்காவது வளைவில் உங்கள் கால் பலம் மட்டும்தான் இருக்கும். அதற்குள் டிரம்மும் சூடேறியிருக்கும், இன்ஜின் இழுத்துப் பிடிக்கும் உதவியும் இல்லை, பவர் ஸ்டீயரிங் என்றால் அதுவும் கனத்துவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. எலக்ட்ரானிக் எரிபொருள் பம்ப் உள்ள டீசல்களில் அந்த நேரத்தில் எரிபொருள் நின்றுவிடும், பழையதில் மிகக் குறைவாகப் போகும். நீங்கள் நினைக்கும் மிச்சம் அதில் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது, வேக்குவம் பம்பும் நிற்காமல் சுற்றும்.

19 அங்குலத்தைப் பற்றி: 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சுமார் 23.5 அங்குலம்தான். அங்கே 19 வந்தால் பம்பைக் குறை சொல்ல முடியாது. கீழே இறங்கி அதே கேஜை மறுபடி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: என் பெரிய டீசல் பிக்கப்பில் வேக்குவம் ஹோஸே இல்லை. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங்கும் சேர்ந்து கனக்கிறது. பூஸ்டர் இரண்டு முறை போய்விட்டது.

பதில்: உங்களுடையது ஹைட்ராலிக் பூஸ்டர். பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தமே பிரேக்குக்கும் உதவுகிறது. இரண்டும் ஒன்றாகக் கனத்தால் பூஸ்டரைத் தொடுவதற்கு முன் பெல்ட் இறுக்கம், ஆயில் அளவு, பம்பின் அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த வகை திரும்பத் திரும்பப் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பழைய ஆயில். பம்ப் தேய்ந்து வரும் இரும்புத் தூள் லைனில் அப்படியே இருக்க, புதுப் பூஸ்டரை மாட்டிவிடுகிறார்கள். பூஸ்டருக்குள் இருக்கும் நுண்ணிய வால்வை அந்தத் தூள் கீறிவிடும். டப்பா, ஹோஸ், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாவற்றையும் கழுவி, புது ஆயில் ஊற்றிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். பூஸ்டரோடு ஒட்டியிருக்கும் சின்ன உருளை அக்குமுலேட்டர். இன்ஜின் நின்ற பிறகும் அதில் கடுமையான அழுத்தம் இருக்கும். எந்தக் குழாயைத் தளர்த்துவதற்கு முன்னும் இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் முழுக்கக் கட்டையாகும் வரை பல முறை மிதித்து அந்த அழுத்தத்தைத் தீர்த்துவிடுங்கள். உருளையை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள், அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.